அட்டைப்படத்தில் அங்கம்மா

— அப்ப இந்தப் படத்தத் திருப்பி வாங்கவே முடியாதுன்றீங்களா தம்பி?

— எப்படிங்க்கா வாங்குறது? அச்சடிச்சு வித்துப்போட்ட வெளிநாட்டு மாசப் புஸ்தகமுங்க அது.

— நான் முழுப் புஸ்தகத்தையுமா கேக்குறேன்? அட்டைய மட்டும் கிழிச்சிக் குடுத்துட்டு மிச்சத்த அவங்களே வச்சிக்கட்டும். அட்டையில இருக்குறது என் மூஞ்சிதானே? என் மூஞ்சிய நான் கேக்கக் கூடாதா?

— அங்கம்மாக்கா, சித்த உக்காருங்க. சேலையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. இது ஒரு புஸ்தகம், ரெண்டு புஸ்தகம் இல்லீங்க. லட்சக்கணக்குல போட்டுருப்பாங்க. அமெரிக்காவுல ஒருத்தர் ஊட்டுல கெடக்கும், ஜப்பான்ல ஒரு பல்லு டாக்டர் ரூம்புல கெடக்கும். எங்கெங்கன்னு போயிக் கிழிக்கிறது?

— அத்தன ஊருலயுமா நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்?

— ஆமாங்க்கா.

— மாரியாத்தா. அந்தப் புஸ்தகத்துல ஒண்ணு எங்க ஆபீசர் மேசையிலயும் கெடக்குது தம்பி. அதுதான் எங்களுக்கு வினையாப் போச்சி.

— எந்த ஆபீசருங்க்கா? மொதல்லருந்து சொல்லுங்க. வந்ததும் வராததுமா படத்தக் குடுன்னு கேட்டா, போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்குற எனக்கு என்னங்க புரியும்?

— கேளுங்களே. எங்க தோட்டத்தச் சாத்தி எத்தன நாளாவுதுன்னு ஒங்களுக்குத் தெரியும்.

— தெரியாமீங்களா. ரஷ்யாக்காரன் வாங்குறத நிறுத்துனான், தேயிலை வெல உளுந்துச்சு, குன்னூரச் சுத்தி பாதி பாக்டரி பூட்டிக் கெடக்குது. கல்யாண ஆர்டரே இல்லீங்க எனக்கு. வெலிங்டன் மிலிட்டரி கேம்ப்புப் பசங்க ஊருக்கு அனுப்ப எடுக்குற போட்டோவுலதான் இந்தக் கடையே ஓடுது.

— எங்க லயத்து வீடுகள்ல பாதிக் கதவு பூட்டிக் கெடக்குது. எங்க வீட்டுக்காரரு திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போனவருதான், பொங்கலுக்குக்கூட வரல. இருக்குற பொம்பளைக வேலியில காய்க்கிற மேரக்காய அவிச்சித் தின்னுட்டுப் படுக்குறோம். காலையில மேரக்காய், ராத்திரிக்கும் மேரக்காய். இப்பத்தான், மூடின தோட்டத்து ஆளுகளுக்கு மாசாமாசம் அரிசி தாறோம்னு சொல்லியிருக்காங்க.

— நல்ல சேதிதானுங்களே.

— நல்ல சேதிதான். அதுக்கு ஆபீசர் ஒருத்தரு, 'இந்தத் தோட்டம் மூடித்தான் கெடக்கு'ன்னு மேல எழுதணும். அவரு எழுதினா அரிசி. எழுதலேன்னா மேரக்காய்தான். நாங்க நாலஞ்சி பேரு அவரப் பாக்கப் போனோம். நல்லபடியாத்தான் கதைச்சாரு. எங்களுக்கு டீ குடுக்கச் சொன்னாரு. குடிச்சிக்கிட்டு இருக்கும்போதே இந்தப் புஸ்தகத்த எடுத்து மேசையில போட்டு, 'இது யாரும்மா'ன்னாரு. எனக்கு ஒரே பெருமை தம்பி. முந்திக்கிட்டு, 'நான்தாங்கய்யா'ன்னேன்.

— அட கெரகமே.

— 'எங்க எடுத்தது'ன்னாரு. 'எங்க ரோட்டோர மலைங்கய்யா'ன்னு வீரம்மா வெரல வச்சிக் காட்டுறா. 'கூடையில என்னா இருக்கு'ன்னாரு. கொழுந்துன்னோம். அம்புட்டுத்தான். 'செடி அழகா வெட்டி இருக்கு, கூடை நெறைய கொழுந்து இருக்கு, நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. இதையே எங்கிட்ட வந்து மூடின தோட்டம்னு சொல்றீங்களே, எனக்கென்ன கண்ணு தெரியாதா'ன்னாரு. பாதி டீயோட கிளாஸ மேசையில வச்சிட்டோம்.

— எஸ்டேட்டுக் கம்பெனி ஆளுகதான் அந்தப் புஸ்தகத்த அவருகிட்டக் கொண்டுபோய்க் குடுத்திருப்பாங்க.

— யாரு குடுத்தா என்னா? படம் பொய்யின்னு சொல்ல முடியலையே தம்பி. நின்னது நான்தானே. சிரிச்சதும் நான்தானே. நீங்க கொண்டாந்து குடுத்த புஸ்தகத்துல இருந்து அட்டைய வெட்டி, மாரியம்மன் கோயில் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம். போற வார ஆளுகளுக்கெல்லாம் நாங்களே கூப்பிட்டுக் காட்டினோம்.

— ஒண்ணு கேக்கறனுங்க்கா, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு அப்படி என்னத்துக்குச் சிரிச்சீங்க? நானும் எத்தனையோ பேரச் சிரிக்கச் சொல்லி எடுத்துருக்கேன். அந்த மாதிரி ஒரு சிரிப்பு என்ற கேமராப் பொட்டியில ஒருநாளும் உளுந்ததில்லீங்க.

— படம் எடுத்த அந்த வெள்ளைக்காரத் தொரை சிரிக்கச் சொல்லல தம்பி. ரெண்டு வருஷம் கழிச்சி அன்னிக்குத்தான் கையில கொழுந்து பட்டிச்சி. கிள்ளினதும் அந்தப் பச்சை வாசம் மூக்குல ஏறிச்சி. தோட்டம் மூடினது, வீட்டுக்காரரு போனது, எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோச்சி. அதுக்குத்தான் சிரிச்சேன். அத இப்ப யாருகிட்டப் போயிச் சொல்றது?

— அந்தச் சிரிப்பப் பத்தித்தானுங்க உலகம் பூரா இருந்து எழுதுறாங்க. இருங்க, காட்டுறேன். பத்திரிகைக்கு வந்த கடுதாசியெல்லாம் மொத்தமாக் கட்டி என்ற கடை விலாசத்துக்கு அனுப்பி வெச்சிருக்காங்க. உங்களுக்குப் படிச்சுக் காட்டோணும்னு வெச்சிருந்தேன், எஸ்டேட்டுப் பக்கம் வரத்தான் முடியல. இந்தா, இது நார்வேன்னு ஒரு நாட்டுல இருந்து வந்திருக்குதுங்க. அங்க குளிர்காலத்துல சூரியனே தலகாட்டாதாமா.

— நம்ம ஊரு ஆடி மாசம் மாதிரியா?

— அதுக்கும் மேலீங்க. ஒரு அம்மா எழுதியிருக்காங்க. மீனு பாக்டரில வேலையாம். புருசன் தவறிட்டாராம். அடுப்புக்கு மேல உங்க படத்த ஒட்டி வெச்சிருக்காங்களாம். காலையில எந்திரிச்சு டீ போட்டா, மொதல்ல உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வாயில வெப்பாங்களாம். உலகத்துல எங்கியோ ஒருத்தி நல்லா இருக்கான்னு நெனச்சா, எந்திரிச்சு வேலைக்குப் போகத் தைரியம் வருதுன்னு எழுதியிருக்காங்க.

— அவங்க பாக்டரி மூடலையா?

— அத எழுதலீங்க.

— பாவம். தனியாவா இருக்காங்க? பிள்ளைகுட்டி இல்லையா?

— அதும் எழுதலீங்க. இந்தா, இது ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து வந்தது. பிள்ளைக எல்லாரும் உங்கள வரைஞ்சு அனுப்பியிருக்காங்க. இதப் பாருங்க, கூடைய முதுகுல போடாம தலையில கவுத்து வெச்சிருக்குது ஒரு குட்டி.

— நல்லாத்தான் இருக்கு. மழைக்கு ஆகும்.

— அந்த டீச்சரு கேட்டிருக்காங்க, இந்த அம்மா பறிக்கிற தேயிலை எந்தக் கடையில கெடைக்கும், அதத்தான் வாங்கோணும்னு பிள்ளைக அடம்புடிக்குதுன்னு.

— அன்னிக்குப் பறிச்சதையா கேக்குறாங்க? அன்னிக்குப் பறிச்சத எங்க கொண்டுபோயி நிறுக்குறது தம்பி? பாக்டரி பூட்டு துருப்புடிச்சிக் கெடக்குது. கூடையத் தூக்கிக்கிட்டு, பழக்கத்துல நிறுக்குற எடம் வரைக்கும் எல்லாரும் போயிட்டோம். அங்க போயி ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டு நின்னோம். அப்புறம் கொழுந்தப் பூராவும் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால கொட்டினோம். சாயங்காலத்துக்குள்ள கறுத்துப்போச்சி.

— அது எனக்குத் தெரியாதுங்க.

— தெரிஞ்சி என்னா செஞ்சிருப்பீங்க? அந்தக் கடுதாசிய இப்படிக் குடுங்க. இத எழுதின மீன் பாக்டரி அம்மாவுக்கு நீங்க திருப்பி எழுதுங்க தம்பி. எழுதி, எங்க ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. வெள்ளைக்காரங்க சொன்னா கேப்பாங்கதானே.

— என்னன்னுங்க்கா எழுதட்டும்?

— அங்கம்மா நல்லா இல்லேன்னு எழுதுங்க.

— எழுதிப்போடறனுங்க.

— இருங்க. அவங்க காலையில எந்திரிச்சி அத வாசிச்சா மனசு கஷ்டப்படுமே. தனியா வேற இருக்காங்க. என் மூஞ்சியப் பாத்துத்தானே வேலைக்குப் போறாங்களாம். வேணாம் தம்பி, அவங்களுக்கு எழுத வேணாம். புஸ்தகம் போட்டவங்களுக்கு எழுதுங்க. தப்பாப் போட்டுட்டோம்னு அவங்க போடட்டும்.

— போட்டாப் போடுவாங்க. இன்னும் மூணு மாசமோ நாலு மாசமோ கழிச்சு, கடேசிப் பக்கத்துல, கண்ணாடி போட்டுப் பாத்தாத்தான் தெரியும்ங்கிற எழுத்துல ரெண்டு வரி வரும். அட்டையில வர்றது எல்லாத்து கண்ணுலயும் படும். அந்த ரெண்டு வரிய எவன் படிப்பானுங்க? ... வாங்க தம்பி, வாங்க. கேம்ப்பா? பாஸ்போர்ட் சைஸா? உள்ளார போயி அந்த ஸ்டூல்ல உக்காருங்க, ரெண்டு நிமிசத்துல வர்றேன். தொப்பியக் கழட்டிருங்க.

— கழட்டச் சொல்லாதீங்க. தொப்பியோட பாத்தா அவங்க அம்மா சந்தோசப்படுவாங்க.

— வேணும்னா தொப்பியோட ஒண்ணு, தொப்பியில்லாம ஒண்ணு எடுத்துக்கறேன். பவுடரும் சீப்பும் கண்ணாடிகிட்ட இருக்குதுங்க தம்பி. ... நீங்க சொல்லுங்க்கா.

— அப்ப ஒரே வழிதான் இருக்கு. நீங்க ஆபீசர்கிட்ட எங்ககூட வாங்க. அந்தத் தொரையக் கூட்டிக்கிட்டு வந்தது நீங்கதானே? அது சும்மா படத்துக்காக நின்னதுன்னு சொல்லுங்க. நாங்க சொன்னா ஏறாது. சட்டை போட்ட ஆளு சொன்னா ஏறும்.

— வர்றனுங்க. கடையச் சாத்திப்போட்டே வர்றேன். ஆனா அவரு என்ன கேப்பாருன்னு நெனச்சுப் பாருங்க. செடி எப்படி இருந்துச்சும்பாரு. இடுப்பு ஒசரத்துக்குச் சமமா வெட்டி, ஜம்முன்னு இருந்துச்சுன்னுதான் நான் சொல்லோணும். கொழுந்து நெசமாலுமே எடுத்தாங்களாம்பாரு. எடுத்தாங்கன்னுதான் சொல்லோணும். மூடின எஸ்டேட்டுல செடிய வெட்டுனது யாருன்னு கேட்டா?

— நாங்கதான் வெட்டினோம்.

— ஏன் வெட்டுனாங்கம்பாரு. அதுக்கு நான் என்னங்க்கா சொல்லட்டும்? எனக்கே அது தெரியாது. பெரிய போட்டோக்காரரு வர்றாருன்னு ஒரு மாசம் முந்தி வந்து சொன்னேன். சொல்லையில காடு மாதிரி கெடந்துச்சு. அவரக் கூட்டிட்டு வந்து பாத்தா வேற எஸ்டேட்டாட்டம் இருக்குது.

— நீங்க சொல்லிட்டு பஸ் ஏறிட்டீங்க. எங்களுக்கு இருப்புக் கொள்ளல. வெளிநாட்டுல இருந்து ஒரு மனுசன் கடல் தாண்டி வாறாரு. செடி தலைக்கு மேல மரமா நிக்கிது. ஊடால முள்ளும் கொடியும். அத எப்படிக் காட்டுறது? சிலோன்ல எங்க அம்மா காலத்துலயே, பெரிய தொரை வாறாருன்னா ரோட்டோர மலையத்தான் மொதல்ல ஒழுங்குபடுத்துவாங்க. உள்ள எப்படிக் கெடந்தாலும், ரோட்டுல இருந்து பாத்தா தொடைச்சி வச்சாப்புல இருக்கணும். இல்லேன்னா காலையில பேரு கூப்பிட்டு ஆள் எடுக்குற அந்தப் பெரட்டுக்கே அவமானம். கப்பல் ஏறி இங்க வந்தும் அதே பழக்கம்தான். யாரும் எங்கள வெட்டச் சொல்லல. பேருகூடக் கூப்பிடல. காலையில வெளிச்சம் வந்ததும் ஆளாளுக்குக் கத்திய எடுத்துக்கிட்டு வந்து நின்னுட்டோம்.

— கூலி இல்லாமலீங்களா?

— யாருகிட்டக் கேக்குறது? வீரம்மாவுக்கு முள்ளு கிழிச்சி கை வீங்கிப்போச்சி, அந்தக் கையோடயே வெட்டினா. எங்க லயத்துப் பவுல்ராஜ் எலி கடிச்ச கூடைய எல்லாம் ஒக்காந்து பின்னிக் குடுத்தான். நீங்க வார நாளைக்கு அளவாத் துளிர் வந்திச்சி. பெட்டியில வச்சிருந்த சேலையக் கட்டிக்கிட்டு நின்னோம். அந்தத் தொரைக்கு என்னா குறை வச்சோம் தம்பி? அவரு அழகாப் படம் எடுக்கணும்னு வந்தாரு, எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எங்க வயித்துல மண்ணு. இந்த வெள்ளைக்காரனுக எல்லாம் அழகத் தேடித்தான் வாறானுக, நம்ம பசிய எவன் பாத்தான்னு பவுல்ராஜ் ஒரே ஏச்சு.

— அப்படி மட்டும் சொல்லாதீங்க்கா.

— ஏன் சொல்லக் கூடாது? நீங்க அவரு காசு வாங்கினவரு, ஒங்களுக்கு வலிக்கும்.

— அதுக்கில்லீங்க. அவரு அழகத் தேடி வரலீங்க்கா.

— பின்ன எதுக்கு வந்தாரு?

— வேண்டாமுங்க. விடுங்க.

— சொல்லுங்க தம்பி. இவ்வளவு நனைஞ்சி வந்திருக்கேன்.

— தேயிலை வெல உளுந்து இந்த மலையில எஸ்டேட்டெல்லாம் மூடிக் கெடக்குதுன்னு கேள்விப்பட்டுத்தான் அவரு வந்தாருங்க. மூடின எஸ்டேட்டத்தான் எடுக்கோணும்னு வந்தாரு. ஆளு ஒசரத்துக்கு வளந்து கெடக்குற செடி, பூட்டுன பாக்டரி, வேலையில்லாம உக்காந்துருக்குற ஆளுக. உலகம் பூரா காலையில எந்திரிச்சு டீ குடிக்குதே, அதப் பறிச்சவங்க இன்னிக்கு எப்படி இருக்காங்கன்னு காட்டோணும்னு வந்தாருங்க.

— இத ஏன் எங்ககிட்ட சொல்லல?

— எனக்கே அன்னிக்கு ஜீப்புல திரும்பி வரையிலதானுங்க வெளங்குச்சு. அவரு பேசுற இங்கிலீசுல எனக்குப் பாதிதான் புடிபடும். எஸ்டேட்டுன்னாரு, பொம்பளைகன்னாரு, கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியில என்னையத்தான் வைதாரு. தப்பான எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டே, இது நல்லா ஓடுற எஸ்டேட்டுன்னாரு. இல்லீங்க சார், மூடினது இதுதான்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். சிரிச்சுப்போட்டாருங்க. கண்ணால பாத்துட்டு வந்த மனுசன் நான் சொல்றத நம்புவாரா? மறுநாளு மழை புடிச்சிட்டுது. அதுக்கடுத்த நாளு அவருக்குப் பிளேன். எடுத்தவரைக்கும் போதும்னு கெளம்பிட்டாரு.

— நாங்களும் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. வந்த மனுசன்கிட்ட பஞ்சம் பாடுறதான்னு வாயத் தொறக்கல. நல்லா இருக்கீங்களான்னு அவரு ஒங்கள விட்டுக் கேட்டதுக்கு, நல்லா இருக்கோம்னு எல்லாரும் ஒண்ணாத் தலைய ஆட்டினோம்.

— ஆட்டுனீங்க. நானும் அதத்தான் அவருகிட்டச் சொன்னேன்.

— அப்ப அந்தச் செடிய அப்படியே விட்டிருந்தா?

— அட்டையில காடு வந்துருக்குமுங்க.

— எங்களுக்கு அரிசி வந்திருக்கும்.

— அழாதீங்க்கா. உள்ளார அந்தப் பையன் வேற பாக்குறான். இந்தா, தண்ணி குடிங்க. ஒண்ணும் கெட்டுப் போயிரல. ஏனுங்க்கா, அந்த ஆபீசரு ஒருக்கா நேர்ல வந்து பாத்தா என்னங்க? அந்தப் படம் எடுத்து ஒரு வருசம் ஓடிப்போச்சு. அதுக்கப்புறம் யாரும் அந்தச் செடியத் தொடலீங்கல்ல?

— அந்த ஒரு வருசமா எவ தொட்டா? மறுபடியும் வளந்து தோளுக்கு மேல போயிருந்திச்சி. போன வாரம் அதுக்குள்ள காட்டெருமை நின்னதுகூட தெரியாம போயி முட்டப் பாத்தோம்.

— பொறவென்னங்க? அவர வந்து பாக்கச் சொல்லுங்க. காயிதத்துல இருக்குறத நம்புற மனுசன் கண்ணால பாத்தா நம்ப மாட்டாரா?

— வாறாரு தம்பி. அன்னிக்கே சொன்னாரு. நீங்க ஒண்ணு சொல்றீங்க, படம் ஒண்ணு சொல்லுது, நான் நேருல வந்து என் கண்ணால பாத்து எழுதிக்கிறேன்னு. நாளைக்குக் காலையில வாறாரு.

— இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க்கா? நாளைக்கு அவரே வர்றப்ப நான் எதுக்கு, பத்திரிகை எதுக்கு? வந்து ரோட்டுல எறங்குனாலே போதுமுங்க. தோளு ஒசரத்துக்குக் காடு நிக்குது, அதுக்குள்ள எருமை மேயுது. நீங்க யாரும் வாயே தொறக்க வேண்டாம், சும்மா அக்கட்டால ஒதுங்கி நில்லுங்க. அரிசி வந்துருச்சுன்னே வெச்சுக்கங்க. என்னங்க்கா, நல்ல சேதி சொன்னா மூஞ்சி இப்படிப் போகுது?

— தம்பி, பெரிய ஆபீசர் வாறாருன்னு நான்தான் லயத்துல போயிச் சொன்னேன். நேத்து விடியலேர்ந்து அத்தன பொம்பளைகளும் ரோட்டோர மலையில நின்னு செடிய வெட்டுறாங்க. நான் பஸ் ஏறும்போது கடைசி வரிசையில இருந்தாங்க.